மாமையும் பசலையும் முகப்பூச்சும்

2020 ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு முகப்பூச்சுக்குப் பெயர் மாற்றினார்கள். கொள்ளைநோய்க்கு அஞ்சி உலகம் கதவடைத்துக் கிடந்த காலம் அது. அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன்னர், அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொய்ட் என்னும் கறுப்பினத்தவர் ஒரு பொலிஸ்காரரின் முழங்காலுக்கடியில் மூச்சடங்கி இறந்திருந்தார். அதனால் மூண்ட சீற்றம் கடல் கடந்து பரவிற்று. தெருக்களிலே சிலைகள் வீழ்ந்தன. அலுவலகங்களிலே அறிக்கைகள் எழுதப்பட்டன. அவ்வலையின் நுனி மும்பாயிலுள்ள ஒரு கம்பனியின் வாசற்படியையும் வந்து நனைத்தது. 1975 இலிருந்து ‘ஃபெயார் அன்ட் லவ்லி’ என்ற பெயரில் இந்தியாவில் விற்கப்பட்டு, பின்னர் நம் நாடு உட்படப் பல நாடுகளின் கடைகளுக்கும் வந்து சேர்ந்த முகப்பூச்சு, ‘குளோ அன்ட் லவ்லி’ ஆயிற்று. வெண்மையும் எழிலும் போய், பொலிவும் எழிலும் வந்தன எனலாம்.

பெயரை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்டார் சிலர். இதுவாவது நடந்ததே என்று ஆறுதல் கொண்டார் வேறு சிலர். எனக்கோ இரு சாராரும் கேளாமல் விட்ட கேள்வியே முக்கியமாகப் படுகிறது. அந்த 45 ஆண்டுகளிலும் அப்பூச்சின் விளம்பரம் நம் வீடுகளுக்குள் வந்திருந்து செய்த வேலை யாது? பூச்சு தோலுக்குச் செய்ததைத் தோல் வைத்தியர் கூறட்டும். விளம்பரம் மனத்துக்குச் செய்ததை ஆராய்வது, சொல்லையும் கதையையும் தொழிலாகக் கொண்ட நம் போன்றோரின் கடன்.

விளம்பரங்களை நாம் கதைகளாக எண்ணுவதில்லை. சிறுகதைக்கு ஓர் அளவுகோலும் நாவலுக்கு வேறோர் அளவுகோலும் வைத்து வாரந்தோறும் வாதாடும் நம் இலக்கிய அன்பர்கள், மாணவ மாணவியர் ஒரே நாளில் பலமுறை பார்த்து மனப்பாடம் செய்துவிட்ட கதைகளை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. இப்பூச்சின் விளம்பரங்களுள் மிகவும் பேசப்பட்ட ஒன்றை எடுத்துக் கொள்வோம். இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியத் தொலைக்காட்சிகளில் ஓடியது. தந்தைக்கு வருமானம் போதாது. மகளின் சம்பளமும் போதாது. தம்மைத் தாங்குவதற்கு ஒரு மகன் இல்லையே என்று அவர் ஏங்குகிறார். அவ்வேக்கம் கறுத்த மகளின் காதில் விழுகிறது. அவள் பூச்சை வாங்கிப் பூசுகிறாள். நிறம் வெளுக்கிறது, விமானப் பணிப்பெண் வேலை கிடைக்கிறது, தந்தையின் முகம் மலர்கிறது. ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும் கதை. தொடக்கம், சிக்கல், அவிழ்ப்பு என எல்லாம் அளவாக அமைந்துள்ளன. நம் எழுத்தாளர் சிலர் கட்டுக்கோப்பைப் பொறுத்தவரை இதனிடம் பாடம் கேட்கலாம்.

இக்கதையிலே பிழை செய்தவர் யாவர் என்று ஒரு மாணவியிடம் கேட்டுப் பாருங்கள். மகளைப் பெற்றிருந்தும் மகனில்லையே என்று ஏங்கிய தந்தை ஒருவர். திறமையை விடுத்து நிறம் பார்த்து வேலை கொடுக்கும் முதலாளி இன்னொருவர். ஆனால், கதை அவ்விருவரையும் தொடுவதேயில்லை. தந்தை தந்தையாகவே இருக்கிறார். முதலாளி முதலாளியாகவே இருக்கிறார். மாறவேண்டியவள் அந்தப் பெண் ஒருத்தியே. பிறர் கண்ணில் இருந்த குற்றம் மெல்ல நகர்ந்து அவள் கன்னத்தில் வந்து அமர்கிறது. இந்த இடமாற்றத்தையே நான் விளம்பரத்தின் வேலை என்று சொல்கிறேன். பூச்சு விற்பது அதற்குப் பின்னால் நடப்பது.

அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கம் இவ்விளம்பரத்தை எதிர்த்து முறையிட்டது. 2003 இல் அது நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் அக்கம்பனி, பெண்களின் கல்விக்கு உதவவென அப்பூச்சின் பெயரிலேயே ஓர் அறநிதியத்தையும் நிறுவிற்று. இதை நான் கேலிக்காகக் குறிப்பிடவில்லை. அந்நிதியத்தால் படித்த பெண்கள் இருப்பார்கள். அவர்களுடைய படிப்பு மெய்யான படிப்பே. இங்கே கவனிக்கத்தக்கது வேறு. பெண் என்றால் கல்யாணம் என்றிருந்த காலத்தில் மாப்பிள்ளையைக் காட்டி விற்ற பூச்சு, பெண்கள் வேலைக்குப் போகத் தொடங்கியதும் வேலையைக் காட்டி விற்கப்பட்டது. பெண் விடுதலை பேசியவர்கள் பல்லாண்டு உழைத்து உருவாக்கிய சொற்களான தன்னம்பிக்கை, சொந்தக்கால், சாதனை ஆகியவற்றை அது வட்டியில்லாமல் இரவல் வாங்கிக் கொண்டது. மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அனில் கர்னானி 2007 இல் இப்பூச்சை ஒரு சான்றாக வைத்து எழுதிய ஆய்வில் எழுப்பிய வினாவும் இதுவே: ஒரு கம்பனிக்கு இலாபம் தருவது சமுதாயத்துக்கும் நன்மை தருவதாகத்தான் இருக்குமா?

இவ்வித்தை நிறத்தோடு பிறந்ததன்று. 1919 இல் அமெரிக்காவில், அக்குள் வியர்வையைத் தடுக்கும் ‘ஓடொரோனோ’ என்ற மருந்துக்காக ஜேம்ஸ் யங் என்னும் விளம்பர எழுத்தாளர் ஒரு பெண்கள் சஞ்சிகையில் எழுதியது அதன் முன்னோடிகளுள் ஒன்று. உன் உடம்பின் வாடையை நீ அறியமாட்டாய், அருகில் நிற்பவர் அறிவர் என்பதே அதன் சாரம். அருவருப்படைந்த வாசகியர் ஏறத்தாழ 200 பேர் சஞ்சிகையின் சந்தாவை நிறுத்தினர். மருந்தின் விற்பனையோ மறு ஆண்டிலே இரு மடங்குக்கு மேல் ஏறியது. முதலில் நோய்க்குப் பெயர் வைத்தல், பிறகு மருந்தை நீட்டுதல் என்ற முறை அன்றே தேர்ச்சி பெற்றுவிட்டது.

இனி, கம்பனியின் தரப்பிலிருந்து எழும் நியாயம் ஒன்றுண்டு. ‘நிற மோகத்தை நாங்கள் உண்டாக்கவில்லை, அது உங்கள் வீட்டில் ஏற்கனவே இருந்தது, கேட்டதைக் கொடுத்தோம்’ என்பது அது. இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. வயலிலும் வெயிலிலும் நிற்பவன் கறுப்பான், நிழலில் இருந்து கணக்குப் பார்ப்பவன் வெளுப்பான் என்ற எண்ணம் சாதியோடு பின்னிப் பிணைந்து நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதன்மேல் வெள்ளைக்காரரின் ஆட்சி வந்து குந்திற்று. 1884 ஆம் ஆண்டின் நத்தார் காலத்தில் இலண்டனின் ‘கிரபிக்’ இதழில் வெளிவந்த பியர்ஸ் சவர்க்கார விளம்பரத்தைப் பலர் அறிவர். கறுப்புச் சிறுவன் ஒருவனைத் தொட்டியில் இருத்தி வெள்ளைச் சிறுவன் குளிப்பாட்டுகிறான். தண்ணீரை விட்டு எழும்போது கழுத்துக்குக் கீழே அவன் உடல் வெளுத்திருக்கிறது. கருமை என்றால் அழுக்கு, அழுக்கென்றால் கழுவலாம் என்பது அப்படம் சொல்லும் பாடம். 1917 இல் பியர்ஸ் லீவர் சகோதரர் கம்பனியின் கைக்குப் போயிற்று. அதே கம்பனி பின்னர் யூனிலீவர் ஆகியது. அதன் இந்தியக் கிளையே நாம் பேசும் முகப்பூச்சைச் செய்தது. இவ்வம்சாவளியை நான் குற்றப்பத்திரமாக வாசிக்கவில்லை. ஒரு கதை எவ்வளவு காலம் ஒரே குடும்பத்தில் வாழக்கூடும் என்று வியக்கிறேன், அவ்வளவே.

ஆனால், நம் வீட்டில் இருந்தது நிற மோகம் மட்டுந்தானா? சங்கச் செய்யுளைப் பாடஞ் சொல்பவர்கள் ஆண்டுதோறும் இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதுகிறார்கள்: மாமை, பசலை. மாமை என்பது தலைவியின் இயல்பான மேனியழகு. மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர் விளக்குவர். பசலை என்பது பிரிவாற்றாமையால் அம்மேனியிற் படரும் வெளிறல். பீர்க்கம்பூவை அதற்கு உவமையாகச் சொல்வர். மாமை இருப்பது நலம். பசலை வருவது நோய். அந்நோயின் துயரைச் சொல்லவென்றே வள்ளுவர் ‘பசப்புறு பருவரல்’ என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கியிருக்கிறார். பிரிந்தவன் மீண்டு வந்தால் பசலை நீங்கும், மாமை திரும்பும். இன்றைய விளம்பரக்காரர் இரண்டு முகங்களை அடுத்தடுத்து நிறுத்தி ‘முன்னர், பின்னர்’ என்று எழுதிக் காட்டுகிறார்களே, அந்தப் படம் நம் கவிதைக்குப் புதியதன்று. முன்னர் வெளிறிய முகம், பின்னர் தளிர்நிறம் கூடிய முகம் என்று அது அங்கே இருந்தது. முகப்பூச்சின் விளம்பரம் அவ்விரு முகங்களையும் இடம் மாற்றி வைத்தது. நோயின் நிறத்தை மருந்தாக விற்றது.

இதை வகுப்பில் சொல்லும்போது மாணவியர் சிரிப்பார்கள். பிறகு சிரிப்பு அடங்கும். பசலை பற்றிய வினாவுக்குப் பரீட்சையில் முழுப் புள்ளியும் பெறக்கூடிய பிள்ளை, விடுமுறை நாளில் வெயிலுக்குப் போகப் பயந்து வலைப்பந்தாட்டப் பயிற்சியை விட்டு விலகுவதையும் நான் கண்டிருக்கிறேன். அவளுக்குள் பாடம் ஒரு பெட்டியிலும் கண்ணாடி வேறொரு பெட்டியிலும் இருக்கின்றன.

சங்கத்தைக் காட்டி, எம் முன்னோர் நிறபேதமே அறியாதவர் என்று மேடையிலே முழங்குவாருடன் சேரவும் எனக்கு விருப்பமில்லை. பொன்போன்ற மேனியைப் புகழ்ந்த புலவர்களும் நிரம்ப இருந்தார்கள். இன்னும் சொல்லப் போனால், கருமையைக் கடவுளுக்கு ஒதுக்கிவிடுவது நமக்கு வசதியாக இருந்திருக்கிறது. கம்பன் இராமனின் கருமைக்கு உவமை தேடித் தேடிக் களைத்துப் போகிறான். கண்ணனின் கார்மேனியைப் பாடி உருகாத பக்தர் இல்லை. பாண்டவரின் தேவிக்குக் கிருஷ்ணை என்றே பெயர். அந்தப் பாட்டுக்குக் கண்ணீர் வடித்த அதே வாய், பிரசவ விடுதியிலே தொட்டிலை எட்டிப் பார்த்து, ‘பிள்ளை தகப்பனைப் போல, கொஞ்சம் கறுப்புத்தான்’ என்று குரலைத் தாழ்த்துகிறது.

‘மாநிறம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியும் இங்கே நினைக்கத்தக்கது. மாமை என்ற சொல்லோடு உறவுடைய அது, ஒரு காலத்தில் அழகின் உச்சத்தைச் சுட்டிய நிறத்துக்கு உரியது. இன்று கலியாணப் பேச்சுக்காலில் அது வந்தால் அதன் பொருள் வேறு. பெண் சிவப்பில்லை, ஆனால் கறுப்பென்று சொல்லவும் மனம் வரவில்லை என்பதே அதன் பொருள். தரகர் அச்சொல்லைக் கூறியதும் எதிர் வீட்டார் சீதனக் கணக்கைத் திரும்ப எடுப்பார்கள். காணியில் சில பரப்புகள் ஏறும். மொழியின் வரலாற்றில் சொற்கள் இழிபொருள் பெறுவது இயல்பென்று இலக்கண ஆசிரியர் கூறுவர். இச்சொல் இழிந்த கதையில் மட்டும் ஓர் இனத்தின் முகமே இழிந்திருக்கிறது.

ஆகவே, மோகமும் இருந்தது, அதற்கு மாறான மரபும் இருந்தது. விளம்பரம் இரண்டில் ஒன்றைத் தெரிந்தெடுத்து முதலாக்கியது. அத்துடன், முன்னில்லாத ஒன்றையும் அது புகுத்தியது என்பது என் துணிபு.

விளம்பரம் வருமுன்னர், கறுப்பாய்ப் பிறந்த பெண்ணின் நிறம் அவளுடைய விதி எனப்பட்டது. அது கொடிய சொல்தான். எனினும், விதி என்ற சொல்லுக்குள் ஓர் இரக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் என் செய்வாள், பிறந்த பிறப்பு என்று பேசியவர்கள் அவளைக் குற்றவாளியாக்கவில்லை. பூச்சின் பெட்டியிலே, கருமையிலிருந்து வெண்மை வரை முகங்களை அல்லது நிறங்களை ஏணிபோல அடுக்கி, இத்தனை வாரத்தில் இத்தனை படி ஏறலாம் என்று காட்டினார்களே, அன்றைக்கு அந்த இரக்கமும் போயிற்று. நிறத்துக்கு அளவு வந்தது, தவணை வந்தது. விதியாக இருந்தது அசட்டையாக மாறியது. இத்தனை மலிவாக, சிறு பைக்கற்றிலே சில்லறைக் காசுக்குக் கூடக் கிடைக்கும்போது, ஒருத்தி இன்னும் கறுப்பாக இருக்கிறாள் என்றால் அது அவளுடைய சோம்பல் என்று ஆயிற்று. கொடுமையான மாமியாருக்கும் எட்டாத இந்த வாதத்தை விளம்பரம் எட்டிப் பிடித்தது. அதையும் அப்பெண்ணின் வாயாலேயே சொல்ல வைத்தது.

இதற்குத் தொலைக்காட்சியின் வருகை பெரிதும் உதவிற்று என்று எண்ணுகிறேன். 1950 இல் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை தொடங்கிய பின் சவர்க்காரமும் பற்பசையும் பாட்டோடு பாட்டாக நம் காதில் நுழைந்தன. ஆனால், வானொலியால் நிறத்தைக் காட்ட முடியாது. மணக்கும், மிருதுவாகும் என்று சொல்லலாம். ஒரு முகம் கண்முன்னே படிப்படியாக வெளுப்பதைச் செவிக்குக் காட்ட எந்த அறிவிப்பாளராலும் இயலாது. 1979 இல் இந்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்து, 1982 இல் ரூபவாஹினியும் தொடங்கிய பிறகே அந்த ஏணியின் படிகள் வீட்டுச் சுவருக்கு வந்தன.

காட்சி அவ்வளவு வலியதா என்று ஐயுறுவோர்க்கு, பசிபிக் கடலிலுள்ள பீஜித் தீவிலிருந்து ஒரு சான்று உண்டு. அது நிறத்தைப் பற்றியதன்று, உடற்பருமனைப் பற்றியது. அத்தீவில் பருத்த உடலே நல்லுடல்; வந்தவரை உண்ணச் சொல்வதும் உண்டு கொழுத்தவரைப் புகழ்வதும் அவர்களுடைய மரபு. அங்கே நாட்ரோகா மாகாணத்துக்கு 1995 இல் தொலைக்காட்சி வந்தது. அமெரிக்க மருத்துவரும் மானிடவியலாளருமான ஆன் பெக்கர் அவ்வாண்டிலேயே அங்குள்ள பாடசாலை மாணவியரை ஆராய்ந்தார். 1998 இல் மீண்டும் சென்று அவ்வயதினரை ஆராய்ந்தார். மெலிவதற்காக உண்டதை வலிந்து வாந்தியெடுத்ததாகச் சொன்னவர் முதல் ஆண்டில் ஒருவரும் இலர். மூன்றாண்டுகளின் பின் நூற்றுக்கு 11 பேருக்கு மேல். ஒவ்வொரு முறையும் அறுபது சொச்சம் பேரையே அவர் ஆராய்ந்தார் என்பதையும், திரையிற் கண்டவற்றுள் விளம்பரம் ஒரு பகுதியே என்பதையும் மறந்துவிடலாகாது. ஆயினும், ஒரு சமுதாயத்தின் மரபே எதிராக நின்றபோதும் மூன்று ஆண்டுகளில் இவ்வளவு நடந்திருக்கிறது. மரபின் ஒரு பாதி ஏற்கனவே கதவைத் திறந்து வைத்திருந்த நம் நாடுகளில் எவ்வளவு நடந்திருக்கும் என்று வாசகர்களே ஊகிக்கலாம்.

தோலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெள்ளையரின் தோலிலும் நம் தோலிலும் நிறமியை உண்டாக்கும் கலங்களின் தொகை பெரிதும் வேறுபடுவதில்லை. அவை ஆக்கும் மெலனின் துணிக்கைகளின் பருமனும் பரம்பலுமே வேறுபடுகின்றன. சுட்டெரிக்கும் வெயிலிலிருந்து உடலைக் காக்க இயற்கை கட்டிய குடை அது. ‘ஃபெயார் அன்ட் லவ்லி’யின் சரக்குகளுள் முக்கியமானது நியாசினமைட் என்னும் பி3 உயிர்ச்சத்து. அது அத்துணிக்கைகள் தோலின் மேற்கலங்களுக்குச் செல்வதை ஓரளவு தடுக்கும். பூசுவதை நிறுத்தினால் தடையும் நின்றுவிடும். அது நஞ்சன்று. ஆனால், பெரிய கம்பனியின் விளம்பரம் ஊட்டிய ஆசையை அதன் பூச்சு நிறைவேற்றாதபோது, ஆசை அங்கேயே நின்றுவிடுவதில்லை. அது கடைத்தெருவின் மறுகோடிக்கு நடக்கிறது. அங்கே விலாசமில்லாத சிறு டப்பாக்கள் விற்கப்படுகின்றன. சிலவற்றில் வீரியமான ஸ்டீரோயிட் மருந்து, சிலவற்றில் பாதரசம்.

பாதரசம் வெளுக்கச் செய்யும் என்பது மெய். நிறமி உருவாவதையே அது தடுத்துவிடுகிறது. பின்னர் தோலின் வழியே உட்சென்று சிறுநீரகத்தைப் பிடிக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்திலுள்ள கோட்டக்கலில் சிறுநீரக வைத்தியர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை, சிறுநீரில் புரதம் கழியும் ஒருவகை நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 15 பேரிடம் அந்நோயின் அரிதான ஒரு வடிவம் காணப்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தோன்றுமுன் நிறம் வெளுக்கும் பூச்சுகளைப் பூசியவர்கள். மலையாளக் கரையின் மாந்தளிர் நிறத்தை வெளுக்கக் கொடுத்த விலை அது. பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் அது கலந்த அழகுசாதனங்களை 2020 உடன் விலக்கியது. 2023 இல் ஜெனீவாவில் கூடிய மாநாடு, அந்தச் சிறு சலுகையையும் நீக்கி 2025 ஐ எல்லையாக வைத்தது. இலங்கையும் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்த நாடே. சட்டம் டப்பாவைப் பிடிக்கும். டப்பாவைத் தேடிவரும் ஆசையைப் பிடிக்க எந்தச் சுங்க அதிகாரியாலும் முடியாது.

ஆண்களும் தப்பவில்லை. 2005 இல் அவர்களுக்கென ‘ஃபெயார் அன்ட் ஹான்ட்சம்’ வந்தது. இந்தித் திரையின் முதன்மை நடிகர் ஷாருக் கான் அதற்கு முகம் கொடுத்தார். சமத்துவம் இவ்வழியாலும் வரும் போலும்.

எதிர்ப்பு எழாமல் இல்லை. சென்னையில் 2009 இல் ‘கருமையே அழகு’ என்ற கருத்தை முன்வைத்து ஓர் இயக்கம் தொடங்கிற்று. பின்னர் நடிகை நந்திதா தாஸ் அதற்குக் குரல் கொடுத்தார். நடிகை சாய் பல்லவி இத்தகைய பூச்சொன்றின் விளம்பரத்தில் நடிக்க மறுத்ததை 2019 இல் வெளிப்படையாகச் சொன்னார். விளம்பரத் துறையினர் தமக்குத் தாமே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தர மன்றம், கறுத்தவரை அழகற்றவராக, துயரமுற்றவராக, வேலைக்கும் மணத்துக்கும் தகாதவராகக் காட்டலாகாது என்று 2014 இல் விதி செய்தது. 2019 இல் அந்த நிற ஏணி பெட்டியிலிருந்து நீக்கப்பட்டது. 2020 இல் ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி இவ்வகைப் பூச்சு இரண்டை விற்பதையே நிறுத்திக்கொண்டது. யூனிலீவர் நிறுத்தவில்லை, சொற்களை நீக்கியது. அதே யூனிலீவர், ‘டவ்’ சவர்க்காரத்தின் பேரில், பெண்கள் உள்ளபடியே அழகர் என்ற பிரசாரத்தை 2004 இலிருந்து மேல்நாடுகளில் நடத்தி வந்திருக்கிறது. ஒரு வீட்டின் முன்வாசலில் தன்மானமும் பின்வாசலில் தாழ்வு மனப்பான்மையும் ஒரே காலத்தில் விற்பனையாயின.

விதிகள் பயனற்றவை என்று நான் சொல்லமாட்டேன். முறையிட்ட மாதர் சங்கம் இல்லாதிருந்தால் அந்த விமானப் பணிப்பெண் இன்னும் பறந்துகொண்டிருப்பாள். ஆனால், விதி சொல்லைத்தான் பார்க்கும். வெண்மை என்பதற்குப் பதில் பொலிவு என்று எழுதலாம், ஒளி எனலாம், தெளிவு எனலாம். பெட்டியின் மேலிருக்கும் முகம் எந்த நிறத்தில் இருக்கிறது என்பதை எந்தச் சொல்லும் மறைக்காது. கைத்தொலைபேசி வந்த பிறகு அச்சொற்களும் தேவைப்படவில்லை. படம் பிடிக்கும்போதே முகத்தை வெளுக்கும் வசதி பல கருவிகளிலே கேளாமலே இயங்குகிறது. காசு கொடுத்துப் பூச்சு வாங்கி வாரக்கணக்கில் காத்திருந்த பெண்ணுக்கு அந்த ஏணியின் மேற்படி இப்போது ஒரு விரற்தொடுகையில் கிடைக்கிறது. கண்ணாடி முன் திரும்பியதும் பறிபோகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நான் கற்பித்த ஒரு பாடசாலையில் வாணி விழாவுக்கு நாடகம் பழக்கினார்கள். கலைமகளாக நடிக்க யாரைத் தெரிவது என்ற கேள்வி எழுந்தபோது, கூடத்திலிருந்த முப்பது பிள்ளைகளும் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. வகுப்பிலேயே நன்றாகப் பாடவும் வசனம் சொல்லவும் வல்ல பிள்ளை, கேட்பதற்கு முன்னரே, ‘நான் அரக்கியா நிக்கிறன் ரீச்சர், எனக்கு அதுதான் பொருத்தம்’ என்றாள். முகத்தில் வருத்தமும் இல்லை. பன்னிரண்டு வயதுக்குள் தன்னைத் தானே அளந்து, தனக்குரிய படியில் நின்றுகொண்ட அந்தச் சாதாரணத்தன்மைதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அவளை மேடையில் கலைமகளாக ஏற்றினோம். ஒப்பனை செய்தவர் அவள் முகத்தையும் கழுத்தையும் கைகளையும் வெண்பவுடரால் மூடி அனுப்பினார்.

கம்பனிகளைப் பற்றி இவ்வளவும் பேசிய பின்னர், நாம் பேசுகின்ற இடத்தைப் பற்றியும் பேசவேண்டும். 2020 ஜூன் மாதத்தில், இந்தியத் திருமண இணையத்தளம் ஒன்று, நிறம் பார்த்து வரன் தேடுவதற்கு வைத்திருந்த வசதியை, சில பெண்கள் எதிர்த்து மனுக் கொடுத்ததும் நீக்கிற்று. அவ்வளவு எளிதில் நடந்த காரியம். நம் நாட்டின் வார இறுதிப் பத்திரிகைகளில், தமிழில் மட்டுமன்றிச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும், மணமகள் தேவை என்ற பகுதியில் சாதிக்கும் சாதகத்துக்கும் பக்கத்தில் ‘சிவந்த’ என்ற சொல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அதுவும் விளம்பரமே. அதை எழுதியவர் மும்பாயிலோ இலண்டனிலோ இல்லை. படித்த குடும்பம், நல்ல குடும்பம் என்று அதே வரியில் தம்மைச் சொல்லிக்கொள்பவர். அவர் அச்சொல்லுக்குக் காசு கட்டுகிறார். பத்திரிகை அதை வாங்கிக் கொள்கிறது. இலக்கியப் பக்கத்துக்கும் அப்பகுதிக்கும் இடையே இருப்பது சில தாள்களே. விளம்பரப் பகுதியினர் அந்த ஒரு சொல்லை மட்டும் ஏற்காமல் திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. கட்டணம் வாங்கும் மேசையில் ஓர் அறிவித்தல் போதும். அவ்வறிவித்தலை முதலில் ஒட்டப்போகும் பத்திரிகை எது என்று அறிய ஆவலாயிருக்கிறேன்.